திறக்காத அறையை எப்படிக் கூட்டுவது?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்கு நடைக்குப் போகச் சில நிமிடங்கள் போதும். பழவங்காடிப் பிள்ளையார் திருவிதாங்கூரின் நாயர் படை வழிபட்ட பிள்ளையார். பத்மநாபபுரத்திலிருந்து தலைநகரம் இங்கே மாறியபோது படையோடு சேர்ந்து இடம்பெயர்ந்தவர். இன்றும் அந்தக் கோயிலை நிர்வகிப்பது இந்திய ராணுவம்தான். அங்கிருந்து நடந்து எட்டிவிடக்கூடிய பெரிய கோயிலுக்குள் 2011-இல் ஒரு கணக்கெடுப்பு தொடங்கியது. அதில் ஒரே ஒரு கட்டம் இன்னும் நிரப்பப்படவில்லை. கணினித் தரவுத்தளங்களில் மிக அதிகமாகப் பிழை விளைவிக்கும் விஷயம் ஒன்றைப் புரிந்துகொள்ள அந்தக் கட்டத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி நடந்த கணக்கெடுப்பு அது. கோயிலின் நிலவறைகளுக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்திட்டார்கள். பூசைக்கும் திருவிழாவுக்கும் வேண்டிய பொருள்களை எடுப்பதற்காக அவ்வப்போது திறக்கப்படும் அறைகள் நான்கு: சி, டி, இ, எஃப். ஏ அறை நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. 2011 ஜூன் கடைசியில் அதைத் திறந்தார்கள். பி அறைக்கு வந்தபோது பணி நின்றது. ஜூலையில் நீதிமன்றமும் அதைத் திறப்பதை ஒத்திவைத்தது. 2020 ஜூலை 13 அன்று நீதிபதிகள் யு.யு. லலித், இந்து மல்ஹோத்ரா அமர்வு இறுதித் தீர்ப்பு வழங்கியபோது, திறப்பதா வேண்டாமா என்ற முடிவைக் கோயில் குழுக்களிடமே விட்டது. பி அறை முன்பே பல முறை திறக்கப்பட்டிருக்கிறது என்று வினோத் ராயின் தணிக்கை அறிக்கை சொன்னது. அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

2011-இல் செய்தித்தாள்கள் ‘ஒரு லட்சம் கோடி ரூபாய்’ என்று எழுதின. அது பத்திரிகை மதிப்பீடு. அந்தத் தொகையில் பி அறை சேர்ந்திருக்கிறதா, சேராதா என்று கேட்டவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். கூட்டுத்தொகை என்று ஒன்று அச்சில் வந்துவிட்டால், எது கூட்டப்படவில்லை என்ற கேள்வி அமுங்கிப் போகிறது. தரவுத்தளத்துக்குள்ளும் தினமும் இதுவே நடக்கிறது.

ஆறு அறைகளுக்கு ஓர் அட்டவணை போடுவோம். ஒவ்வொரு வரியும் ஓர் அறை. ஒரு நெடுவரிசையில் அறையின் எழுத்து, அடுத்ததில் பெட்டிகளின் எண்ணிக்கை. எண்கள் கணக்கு புரிவதற்காக நானே இட்டவை: ஏ 40, சி 10, டி 20, இ 20, எஃப் 10. பி அறையின் கட்டத்தில் எதை எழுதுவது?

சுழியம் எழுதினால் பொய். அறை திறக்கப்பட்டு, பார்க்கப்பட்டு, ஒன்றுமில்லை என்று தெரிந்தபிறகு எழுத வேண்டிய எண் அது. ‘தெரியாது’ என்பதற்கு அடையாளமாக -1 என்றோ -999 என்றோ எழுதலாம். மழையளவுப் பதிவுகளில் பல காலமாக இப்படிச் செய்திருக்கிறார்கள். அளவு எடுக்காத நாளுக்கு -999. அந்தக் கோப்பு கைமாறி, இந்த மரபை அறியாத ஒருவர் மாதச் சராசரி எடுத்தால், அந்த மாதம் வானத்திலிருந்து மழை பெய்வதற்குப் பதிலாக மேலே உறிஞ்சப்பட்டதாகக் கணக்கு வரும். மழையில் எதிர்மறை எண் வந்தால் யாராவது சந்தேகப்படுவார்கள். வெப்பநிலைக்கு 99.9 என்று குறித்து வைத்திருந்தாலோ கவனியாமல் கடந்துவிட வாய்ப்பு அதிகம். எண்ணைப்போலத் தோற்றமளிக்கும் எந்த அடையாளமும் ஒரு நாள் எண்ணாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

ஆகவே எண்ணாகவும் எழுத்தாகவும் இல்லாத ஒரு குறி வேண்டும். தரவுத்தள மொழியான எஸ்.கியூ.எல்.-இல் அதற்கு ‘நல்’ என்று பெயர். தரவுகளை அட்டவணைகளாக வைக்கும் கோட்பாட்டை 1970-இல் வெளியிட்ட ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட், 1979-இல் எழுதிய விரிவான கட்டுரையில் இந்தக் குறியையும் அதற்கான தர்க்கத்தையும் முன்வைத்தார். கட்டத்தில் மதிப்பு எதுவும் இல்லை, இருக்க வேண்டிய மதிப்பு நமக்குத் தெரியாது என்பதற்கான குறி இது. ‘நல்’ ஒரு மதிப்பு என்று நினைத்துக்கொண்டு நிரல் எழுதுபவர்தான் எல்லா வலைகளிலும் விழுகிறார்.

இப்போது வினவல்களைத் தொடுப்போம். ‘20 பெட்டிகளுக்கு மேல் உள்ள அறைகள் எவை?’ ஏ மட்டும் வரும். ‘20-க்கு மேல் இல்லாத அறைகள் எவை?’ சி, டி, இ, எஃப் வரும். ஒன்றும் நான்கும் ஐந்து. அட்டவணையிலோ ஆறு வரிகள். ஒரு நிபந்தனையையும் அதன் நேர் எதிரையும் கேட்டாகிவிட்டது. பி அறை இரண்டிலும் இல்லை. பிழைச் செய்தியும் வரவில்லை.

காரணம், ‘பி அறையின் எண்ணிக்கை 20-ஐவிடப் பெரிதா?’ என்று கணினி தன்னையே கேட்டுக்கொள்ளும்போது கிடைக்கும் விடை. அது உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, ‘தெரியாது’. அதை எதிர்மறையாக்கினாலும் ‘தெரியாது’தான். வினவலின் நிபந்தனைப் பகுதியோ ‘உண்மை’ என்று விடை வரும் வரிகளை மட்டும் உள்ளே விடும். தெரியாததை வாசலிலேயே நிறுத்திவிடும்.

இந்த மூன்று மதிப்புத் தர்க்கம் கணினிக்காகப் பிறந்ததில்லை. போலந்தின் லுகசியேவிச் 1920-இலும், அமெரிக்காவின் கிளீனி 1938-இலும் தாளில் வகுத்துவிட்டார்கள். எஸ்.கியூ.எல். பின்பற்றுவது கிளீனியின் விதிகளை. ‘ஏ அறையில் 20-க்கு மேல் உண்டு அல்லது பி அறையில் 20-க்கு மேல் உண்டு’ என்றால் விடை உண்மை. பி-யில் என்ன இருந்தாலும் ஏ காப்பாற்றிவிடுகிறது. இதுவரை சரி. ஆனால், ‘பி அறையில் 20-க்கு மேல் உண்டு அல்லது 20-க்கு மேல் இல்லை’ என்று கேட்டால்? பள்ளிப் பிள்ளைகூட ‘ஆமாம், ரெண்டுல ஒண்ணுதானே’ என்று சொல்லிவிடும். எஸ்.கியூ.எல். ‘தெரியாது’ என்கிறது. இரண்டு துண்டுகளையும் அது தனித்தனியாக மதிப்பிடுகிறது. இரண்டும் ஒரே பூட்டைப் பற்றியவை என்று அதற்குத் தெரியாது. இந்த இயந்திர மறதியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற விநோதங்கள் எல்லாம் தாமே விளங்கும்.

உண்மை, பொய் என்ற இரண்டோடு நிற்காத சிந்தனை நம் மண்ணிலும் வேரூன்றியது. மார்த்தாண்டம் அருகே சிதறால் மலையில் சிற்பங்களாக நிற்கும் சமணம், ஒரு கூற்றை ஏழு விதமாக அணுகும் ஸ்யாத்வாதத்தை வளர்த்தது. அதில் ‘சொல்லில் அடங்காதது’ என்று ஒரு நிலையும் உண்டு. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் அதை நிகழ்தகவுச் சிந்தனையோடு ஒப்பிட்டு எழுதினார். காட்டின் ‘தெரியாது’வும் சமணரின் ‘சொல்லில் அடங்காதது’ம் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். முதலாவது நம் அறிவின் குறையைச் சொல்கிறது, மற்றது மொழியின் எல்லையை.

எஸ்.கியூ.எல்.-இல் இரண்டு மதிப்புகள் சமமா என்று ஒப்பிடுவதற்கும் இதே ‘தெரியாது’ விதிதான். ‘எண்ணிக்கை = நல்’ என்று எழுதி பி அறையைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. தெரியாத ஒன்று, தெரியாத இன்னொன்றுக்குச் சமமா என்றால் தெரியாது. பி அறையும், வேறேதோ கோயிலில் பூட்டிக் கிடக்கும் அறையும் ஒரே அளவு பெட்டிகள் கொண்டவை என்று எப்படிச் சொல்ல முடியும்? அதனால்தான் ‘நல்லா இருக்கிறதா?’ என்று கேட்பதற்குச் சமக்குறி இல்லாமல் ‘இஸ் நல்’ என்ற தனித் தொடரை வைத்தார்கள். புதிதாகக் கற்பவர் எவரையும் முதல் வாரத்திலேயே சறுக்கவைப்பது இதுதான்.

கூட்டலுக்கு வருவோம். ஆறு அறைகளின் எண்ணிக்கையையும் கூட்டல் குறியிட்டு, ஏ + பி + சி என்று கூட்டினால் விடை ‘நல்’. நியாயம்தான்: ஒன்று தெரியாவிட்டால் மொத்தமும் தெரியாது. அதே எண்களை ‘சம்’ என்ற கூட்டுச் சார்பிடம் கொடுத்தால் விடை 100. அது நல்லை ஓசையில்லாமல் ஒதுக்கிவிடுகிறது. ஒரே தரவு, ஒரே மொழி, கூட்டுவதற்கு இரண்டு வழிகள், இரண்டு விடைகள். சராசரி கேட்டால் 100-ஐ ஐந்தால் வகுத்து 20 என்று சொல்லும். பி-யில் சுழியம் எழுதியிருந்தால் ஆறால் வகுத்து 16.67 வந்திருக்கும். வரிகளை எண்ணச் சொன்னால் ஆறு. எண்ணிக்கை நெடுவரிசையை எண்ணச் சொன்னால் ஐந்து. ஒரு வரிகூட இல்லாத அட்டவணையை ‘சம்’ சார்பிடம் கொடுத்தால் சுழியம் வரும் என்று எதிர்பார்ப்போம், வருவது நல்.

இவற்றுள் எனக்குக் கவலை தருவது அந்த 100. அதைப் பார்ப்பவருக்கு ஓர் அறை விடுபட்டது தெரியவே தெரியாது. மொத்தத்தைக் காட்டும் எந்த அறிக்கையும், எத்தனை வரிகளில் எத்தனை கூட்டப்பட்டன என்பதையும் பக்கத்திலேயே காட்ட வேண்டும். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதை ஒழுங்காகச் செய்கிறது. வயது வாரியான அட்டவணைகளில், வயது குறிப்பிடப்படாதவர்கள் என்று தனி வரி இருக்கும். பிறந்த ஆண்டு தெரியாத பாட்டிகளைச் சுழியம் வயதுக் குழந்தைகளாகவும் ஆக்கவில்லை, கணக்கிலிருந்து தள்ளவும் இல்லை. நான் அரசு ஆவணங்களில் மிகவும் மதிக்கும் வரிகளுள் அது ஒன்று.

பி அறையின் எண் இருக்கிறது, நமக்குத்தான் தெரியாது. ஆனால் எண்ணே இல்லாத இடத்திலும் அதே குறியைத்தான் போடுகிறோம். தமிழர்களுக்கு இது மிகவும் பழகிய துன்பம். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தின் முன்னால் நம்மில் பலர் பேனாவோடு திகைத்து நின்றிருக்கிறோம். நாகர்கோவிலிலும் வலியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் ஒருவர் முருகன்தான். முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து. குடும்பப் பெயர் தெரியாமல் இல்லை. அப்படி ஒன்று கிடையாது.

2022 நவம்பர் 21 முதல், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா விசாவிலும் வருகை விசாவிலும் ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் வர முடியாது என்று விதி வந்தது. ஏர் இந்தியாவும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் முகவர்களுக்கு இதை அறிவித்தன. திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்களின் ஊர்ப்பக்கம் முழுவதும் இதனால் கலக்கம். பின்னர், கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தினார்கள். தரவுத்தளக் கண்ணோடு பார்த்தால், ‘இந்த நெடுவரிசை காலியாக இருக்கக் கூடாது’ என்ற ஒற்றை விதி ஒரு பண்பாட்டையே வாசலில் நிறுத்தியது. அமெரிக்க விசாவில் வேறொரு தீர்வு: இருக்கும் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக்கி, முதற்பெயர் கட்டத்தில் ‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கத்தை இடுவார்கள். அந்தச் சுருக்கம் பிறகு ஓட்டுநர் உரிமத்துக்கும் வங்கி அட்டைக்கும் போய், ‘ஃப்னு’ என்று செவிலியர் கூப்பிட நம் ஆட்கள் எழுந்து போகிறார்கள். -999 மழையளவாக மாறிய அதே கதை.

பெயர் இரண்டு நெடுவரிசைகளில் இருக்கும்போது, முழுப்பெயரை அச்சிட இரண்டையும் ஒட்டுவது வழக்கம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒட்டுக்குறியால் ‘முருகன்’ என்பதோடு நல்லை ஒட்டினால் முருகனும் மறைந்து, நல்தான் மிஞ்சும். ஆரக்கிளில் முருகன் பிழைத்துக்கொள்வார். ஆனால் அங்கே வேறு சிக்கல்: வெற்றுச் சரத்தையும் நல்லாகவே அது வைத்துக்கொள்ளும். ‘குடும்பப் பெயர் இல்லை என்று சொன்னார்’ என்பதற்கும் ‘கேட்கவே இல்லை’ என்பதற்கும் வேறுபாடு அழிந்துபோகிறது. ஒரு தரவுத்தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அலுவலகங்கள் இந்த இடத்தில் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்வது எனக்கு வியப்பில்லை.

குறியை எழுத்தாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவில் ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் தம் காருக்கு ‘நல்’ என்ற ஆங்கிலச் சொல்லையே பதிவெண்ணாக வாங்கினார். எண் பதிவாகாத வண்டிகளின் அபராதச் சீட்டுகள் அவர் பெயரில் வந்து குவிந்தன. ஏறக்குறைய 12,000 டாலர். 2019-இல் லாஸ் வேகாஸ் டெஃப் கான் மாநாட்டில் அவரே இதைச் சொன்னார்.

கூட்டத்தில் மிக ஆபத்தானதை இதுவரை சொல்லவில்லை. விமானத்தில் இன்னும் ஏறாத பயணிகள் யார் என்று ஒரு வினவல் எழுதுகிறோம்: ‘ஏறியவர்கள் பட்டியலில் எவருடைய சீட்டு எண் இல்லையோ அவர்கள்’. எஸ்.கியூ.எல்.-இல் ‘நாட் இன்’. ஏறியவர்கள் பட்டியலில், கருவி சரியாகப் படிக்காததால், ஒரே ஒரு வரியில் சீட்டு எண் நல்லாகப் பதிந்துவிட்டது என்று வையுங்கள். 180 பேரில் 30 பேர் வெளியே நின்றாலும் விடை சுழியம் வரிகள். எல்லோரும் ஏறிவிட்டதாகத் திரை சொல்லும். ஒரு பயணி பட்டியலில் இல்லை என்று உறுதி செய்ய, அவர் எண் பட்டியலின் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் வேறானது என்று கணினி நிறுவ வேண்டும். நல்லிடம் வந்ததும், அந்த எண் இவருடையதாகவே இருக்கலாமே என்று விடை ‘தெரியாது’ ஆகிறது. ஒரு ‘தெரியாது’ போதும், வெளியே நிற்பவர்கள் அத்தனை பேரும் விடையிலிருந்து விழுந்துவிடுவார்கள். ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்ற தொடரால் எழுதினால் இந்த வலை இல்லை. உள்ளே நல் வர வாய்ப்புள்ள பட்டியலுக்கு ‘நாட் இன்’ எழுதவே கூடாது என்பதை நான் விதிவிலக்கில்லாத விதியாகவே சொல்வேன்.

இவ்வளவு தொல்லை தரும் குறியை ஒழித்துவிட்டால் என்ன? காட்டின் நண்பரும் அவர் கோட்பாட்டைப் பரப்பியவருமான கிறிஸ் டேட் அதைத்தான் கேட்டார். ஹ்யூ டார்வெனும் அவரும் நல்லே இல்லாத வடிவமைப்புக்காக வாதாடினார்கள்: தெரிந்ததை மட்டும் பதியும் தனி அட்டவணை வை, பி அறைக்கு அதில் வரியே இருக்காது. காட் எதிர்த்திசையில் போனார். 1990-இல் வந்த நூலில், தெரியாததற்கு ஒரு குறி, பொருந்தாததற்கு இன்னொரு குறி என்று பிரித்து, நான்கு மதிப்புத் தர்க்கம் வரை சென்றார். இதற்கும் முன்பே 1975-இல் அமெரிக்கத் தரக்குழு ஒன்றின் அறிக்கை, தகவல் இல்லாமல் போகும் விதங்கள் பதினான்கு என்று எண்ணியிருந்தது. பதினான்குக்கும் தனித்தனிக் குறியிட்டால் எந்த நிரலாளரும் தாங்கமாட்டார். டேட்டின் வழி தூய்மையானது. ஆனால் இரண்டு அட்டவணைகளை இணைத்து ஆறு அறைகளையும் காட்டச் சொன்னதும் பி-க்கு எதிரே நல் திரும்பி வந்து உட்காரும்.

என் சார்பு நடுவில். குறி ஒன்றே போதும், காரணத்துக்கு ஒரு நெடுவரிசை வேண்டும். ‘திறக்கப்படவில்லை’, ‘பொருந்தாது’, ‘சொல்ல மறுத்தார்’, ‘கருவி படிக்கவில்லை’. காட் குறிக்குள் திணிக்க முயன்ற பொருளை மனிதர் படிக்கும் இடத்தில் எழுதிவைக்கிறோம். கூடவே ஒரு கட்டுப்பாடு: எண்ணிக்கை நல்லாக இருந்தால் காரணம் காலியாக இருக்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டை எழுதும்போதும் ஓர் எச்சரிக்கை. வினவல் ‘தெரியாது’வை வெளியே தள்ளும் என்று பார்த்தோம், அட்டவணையின் கட்டுப்பாடுகளோ ‘தெரியாது’வை உள்ளே விட்டுவிடும். ‘எண்ணிக்கை சுழியத்துக்குக் குறையக் கூடாது’ என்ற கட்டுப்பாடு நல்லைத் தடுக்காது.

தரவுத்தளத்துக்கு வெளியே, நிரலுக்குள், இன்னொரு இன்மை இருக்கிறது: வரையறுக்கப்படாத மாறி. நல் என்றால் கட்டம் இருக்கிறது, உள்ளே என்னவென்று தெரியாது. வரையறுக்கப்படாத மாறி என்றால் கட்டமே இல்லை. பெரும்பாலும் பெயரில் ஓர் எழுத்து தவறியிருக்கும், அல்லது படிவத்தில் அந்தப் புலம் அனுப்பப்பட்டிருக்காது. பி.எச்.பி. மொழியில் இல்லாத மாறியைச் சரத்துக்குள் இட்டால் எச்சரிக்கை ஒன்றைப் பதிந்துவிட்டு, அங்கே வெற்றிடம் வைத்து நிரல் மேலே ஓடும். பெயரின் ஒரு பகுதியைத் தேடும் வினவலில் தேடுசொல் வெற்றாகிவிட்டால், எல்லாப் பெயர்களும் பொருந்தும். ஒருவரைத் தேடியவருக்கு ஊர் முழுவதன் பட்டியலும் திறந்துவிடும். வினவலை எழுத்துகளாக ஒட்டித் தயாரிக்காமல், மதிப்புகளைத் தனியே அனுப்பும் முறையில் இந்த விபத்து குறைவு. வெளியார் வினவலுக்குள் தீங்கான கட்டளைகளைப் புகுத்துவதும் அதனாலேயே தடுக்கப்படும். ஆனால் அங்கும், அனுப்பிய மதிப்பு நல்லாக இருந்தால் ‘சமமா?’ என்ற கேள்விக்கு எந்த வரியும் தேறாது. வரையறுக்கப்படாததை அனுப்பினால் எல்லாம் வருகிறது, நல்லை அனுப்பினால் ஒன்றும் வருவதில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் உலகில் இது இன்னும் கூர்மையானது. அங்கே ‘நல்’லும் ‘அன்டிஃபைன்டு’ம் இரண்டு தனி மதிப்புகள். தரவுத்தளத்தோடு பேச அந்த உலகில் பலர் பயன்படுத்தும் பிரிஸ்மா என்ற கருவி, ஒரு நிபந்தனையின் மதிப்பு ‘அன்டிஃபைன்டு’ என்றால் அந்த நிபந்தனையே எழுதப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளும். தேடலில் இது வசதி. பயனர் நிரப்பாத வடிகட்டிகள் தாமே விலகிக்கொள்ளும். ‘இந்தப் பயனரின் பதிவுகளை எல்லாம் அழி’ என்ற கட்டளையில் பயனர் எண் ‘அன்டிஃபைன்டு’ ஆகிவிட்டால், நிபந்தனை விலகி, ‘பதிவுகளை எல்லாம் அழி’ என்று மட்டும் மிஞ்சும். 2024-இல் பிரிஸ்மாவில் ஒரு கண்டிப்பான முறையைச் சோதனை வசதியாகச் சேர்த்தார்கள். அதை இயக்கிவைத்தால், மதிப்பு ‘அன்டிஃபைன்டு’ என்றதும் வினவல் ஓடாமல் பிழை காட்டி நிற்கும்; நிபந்தனையை உண்மையிலேயே விட்டுவிட விரும்பும் நிரலாளர், ‘இதைத் தவிர்’ என்று தம் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும்.